அளவில்லாச் சாப்பாட்டில் அளவுள்ள பப்படம்: நாஞ்சில் நாட்டு உண்போர் நிலை குறித்த ஓர் ஆய்வு

நாஞ்சில் நாட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் அவியலில் விழுந்து அங்கேயே கிடக்கிறது. விராடன் மடைப்பள்ளியில் பீமன் கண்டுபிடித்த கறி அது என்று ஒரு கட்சி. திருவிதாங்கூர் அரசர் நடத்திய முறைஜபம் என்னும் வேதச் சடங்கில் மிஞ்சிய காய்கறிகளை ஒன்றாகப் போட்டு வேகவைத்தது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சி கிடையாது. ஆகவே இரண்டுக்கும் ஆயுள் கெட்டி. இந்தக் கூச்சலில், கடைக்குச் சாப்பிட வந்தவர் இலைக்கு முன்னால் என்ன பாடுபடுகிறார் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்குறை களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, தோவாளை, அகத்தீஸ்வரம் தாலுகாக்களின் சாப்பாட்டுக் கடைகள். தேவைப்பட்டால் தக்கலை, வசதிப்பட்டால் மார்த்தாண்டம். கன்னியாகுமரிக் கடற்கரையில் சப்பாத்தி தேடும் சுற்றுலாப் பயணியர் இவ்வாய்வில் அடங்கார். அவர்கள் வேறு துறை.

அளவில்லாச் சாப்பாடு என்று பலகை எழுதிய கடையில் அளவுள்ள பண்டம் ஒன்றே ஒன்று, அது பப்படம். உண்பவரின் இன்பதுன்பம் அந்த ஒன்றையே பற்றி நிற்கிறது என்பது எம் துணிபு. சோறு கேட்டால் வரும். சாம்பார் கேட்கும் முன்பே வரும். புளிசேரியும் ரசமும் மோரும் வாளிகளில் ஏறி வரிசைக்கு வரிசை நடந்துகொண்டே இருக்கும். துவட்டலுக்கும் எரிசேரிக்கும் வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம். இலையின் வெற்றிடத்தைப் பார்த்தபடி இருந்தால் போதும். பப்படக் கூடை மட்டும் ஒருமுறை வந்து, இலைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, போனது போனதுதான். இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், பந்தி பருப்பிலும் நெய்யிலும் தொடங்குகிறது. பருப்புச் சோற்றில் பப்படத்தை நொறுக்கிப் பிசைவது ஊர்வழக்கம். பிறகு பாயசம் வருகிறது. அதிலும் பப்படத்தை நொறுக்கி, ஒரு மட்டிப்பழத்தையும் சேர்த்துப் பிசைவது ஊர்வழக்கம். தேவை இரண்டு, இருப்பு ஒன்று. (மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனோடு நொறுங்கக் கடமைப்பட்ட பப்படத்தை அப்போதும் யாரும் நினைக்கவில்லை.)

வரலாற்றுச் சான்றுக்குப் பத்மநாபபுரம் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊர். அரண்மனை ஊட்டுப்புரைக்கு இரண்டு தளங்கள். தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் உண்ணலாம் என்று சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வார்கள். ஆளைக் கணக்கிட்டார்கள், தளத்தின் நீளத்தை அளந்தார்கள், பப்படத்தை விட்டுவிட்டார்கள். இலைக்கு ஒன்று என்றால் இரண்டாயிரம், இரண்டு என்றால் நாலாயிரம். ஒரு சமஸ்தானத்தின் தாராளத்தை அளக்க இதைவிட நுட்பமான கருவி உண்டா? இதற்கு எழுத்துச் சான்று கிடைக்கவில்லையே எனின், கிடைக்காமையே சான்று என்க. குமரிக் கடலில் பீடத்தோடு 133 அடி உயரச் சிலையாக நிற்கும் வள்ளுவர், மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தில் அளவறிந்து உண்பதைப் பற்றி அவ்வளவு சொல்லியும் பப்படத்தைச் சொல்லவில்லை. பரிமேலழகரும் அவ்விடத்தில் மௌனம். எல்லாரும் அறிந்த பொருளை நூலோர் விரித்துரையார். எனவே பப்படம் அக்காலத்தே வீடுதோறும் இருந்தது என்பது பெறப்படும். இதே முறையில் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே நலமாக இருக்கிறார்கள். ஆகையால் முறையில் பிழையிருக்க வழியில்லை.

உண்போர் மூவகையினர். பருப்பிலேயே நொறுக்கித் தீர்ப்பவர்கள் முதல்வகை. கவலையற்ற ஜனங்கள், ஆராய ஒன்றுமில்லை. பருப்புக்குப் பாதி, பாயசத்துக்குப் பாதி என்று பிளப்பவர்கள் இரண்டாம் வகை. நினைத்த கோட்டில் பப்படம் உடைவதில்லை என்பதோடு இவர்கள் கதை முடிந்தது. மூன்றாம் வகையினரான சேமிப்போரே இவ்வாய்வின் உயிர்நிலை. இவர்கள் பருப்பை வெறும் நெய்யோடு விழுங்கிவிட்டு, முழுப் பப்படத்தையும் பாயசத்துக்கென்று காப்பவர்கள். காக்கும் இடமோ வாழையிலை. ஒரு பக்கம் அவியல் கசிகிறது, ஒரு பக்கம் தயிர்ப் பச்சடி நகர்கிறது, அணை கட்டத் தெரியாதவருக்குப் புளிசேரி நேராகவே வந்து சேர்கிறது. பப்படம் என்பது உளுந்து மாவும் பப்படக்காரமும் சேர்ந்து தேங்காயெண்ணெயில் பொங்கிய வெறுங்குமிழி; ஈரக்காற்று பட்டாலே நமுத்துப்போகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் சேமிப்போர் எதிர்ப்பது இயற்கையையே. பாயசம் வந்து சேரும் வேளையில் அவர் காத்த பப்படம் நொறுங்காது, மடங்கும். வெள்ளம் வைத்த தம்ளரின்மேல் மூடியாக வைத்துக் காக்கலாம் எனப் பெயர் தெரியாத உரையாசிரியர் ஒருவர் கூறுவர். தம்ளரில் இருப்பது சீரகம் போட்ட சுடுவெள்ளம், ஆவி பட்டு நமுக்கும் என்று அவரை மறுப்பவர், இன்னும் தோண்டி எடுக்கப்படாத கல்வெட்டு ஒன்றின் சிதைந்த ஏழாம் வரியைக் காட்டுவர். அவ்வரி குறிப்பது பப்படத்தை அன்று, முழுநிலவை என்பது மூன்றாமவர் கொள்கை. எழுதப்படாத அவரது நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பில், கறையான் தின்ற மூன்றாம் இயலில், அச்சுக்குப் போகாத அடிக்குறிப்பின் பிழைதிருத்தத்தில் இது விரிவாகப் பேசப்பட்டுள்ளது. மூவரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே பேராசிரியர்கள் ஆனார்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்ட மாணவருக்கு மட்டும் பட்டம் தள்ளிப்போயிற்று.

இன்னொன்று கேட்டு வாங்கினால் தீர்ந்ததே எனின், அற்றன்று. சோறு கேட்பது பசியின் கணக்கில் சேரும். பப்படம் கேட்பது ஆசையின் கணக்கில் சேரும். “அண்ணாச்சி, சோறு” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அழைக்கிற அதே மனிதர், “அண்ணாச்சி, பப்படம் ஒண்ணு” என்னும்போது குரலைத் தாழ்த்துகிறார். பக்கத்து இலைக்காரர் அப்போதுதான் தலைநிமிர்ந்து பார்ப்பார். கூடுதல் பப்படத்துக்குக் காசு வாங்கும் கடையில் நிலைமை இன்னும் மோசம்: எத்தனை முறை வாங்கிய சோற்றுக்கும் பில்லில் ஒரே வரி, ஒற்றைப் பப்படத்துக்கும் ஒரு வரி. இதெல்லாம் மலையாளக் கரையின் பழக்கம், தமிழாய்வில் இதற்கு இடமில்லை என்பாரும் உளர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, புளிசேரியும் எரிசேரியும் கூடவே வந்துவிட்டன. நிலத்தைப் பிரித்தவர்கள் இலையைப் பிரிக்க மறந்தார்கள். நல்லவேளை. இவ்வளவு அற்பப் பொருளுக்கு ஆய்வு எதற்கு என்பார்க்கும் விடை உண்டு. வாடிக்கையாளர் அனுபவம் என்று மேலாண்மைப் படிப்பில் பாடமே நடத்துகிறார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு நீட்டும் கேள்வித்தாளில் விளக்கு வெளிச்சம் வருகிறது, கழிப்பறை வருகிறது, பரிமாறுகிறவரின் புன்னகை வருகிறது. பாயசம் வந்தபோது உங்கள் இலையில் பப்படம் மீதி இருந்ததா என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. சாப்பிட்டவரை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுவதைவிட இது அற்பமான வேலை அல்ல.

ஆகவே, கோட்டாறு முதல் களியக்காவிளை வரை சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கு ஒரு விண்ணப்பம். பாயச வாளிக்குப் பின்னாலேயே பப்படக் கூடையும் இன்னொரு சுற்று வரட்டும். கேட்காமலே வைக்க வேண்டும், அப்போது பொரித்ததாக இருக்க வேண்டும். அதற்கான காசைச் சாப்பாட்டு விலையிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், தனி வரி மட்டும் போடாதீர்கள்.