புரதம் மூட்டையிலா, குட்டியிலா?

கேள்வி: பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குச் சத்து ஏறட்டும் என்று பச்சை சோயாவை அரைத்துப் போட்டேன். எடை ஏறவில்லை, கழிச்சல்தான் வந்தது. சோயாவில் புரதம் அதிகம் என்றார்களே?

பதில்: புரதம் அதிகம்தான். ஆனால் நீங்கள் காசு கொடுப்பது மூட்டையிலுள்ள புரதத்துக்கு. குட்டி வளர்வது செரித்த புரதத்தால். பச்சை சோயாவில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியையே முடக்கும் பொருள் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி சமையற்காரரைக் கட்டிப்போட்டால் யார் சாப்பிட முடியும்?

சோயாவைச் சரியான சூட்டில் வறுத்தால் அந்த முடக்கும் பொருள் பெரிதும் அடங்கும். கருக வறுத்தாலோ, வளர்ச்சிக்கு முக்கியமான லைசின் என்ற புரதக்கூறு வீணாகும். மேலும், பால் மறந்த 3-4 வாரக் குட்டியின் குடல் பாலுக்குப் பழகியது. வயிற்றில் அமிலமும் குறைவு. சிறுகுடலில் செரிக்காத புரதம் பெருங்குடலில் கிருமிகளுக்குத் தீனியாகிறது. கழிச்சல் அங்கே தொடங்கலாம்.

ஆகவே முதலில் பால் பவுடர், தரமான மீன்தூள் போன்று எளிதில் செரிப்பவற்றைக் கொடுங்கள். பக்குவப்படுத்திய சோயாப் புண்ணாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தீவனம் வாங்கும்போது புரத சதவீதத்தோடு, செரிக்கும் லைசின் எவ்வளவு என்றும் கேளுங்கள். கழிச்சல் நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். உடலில் நீர் வற்றினால் குட்டி தாங்காது.