ஈவாயாக ஒரு பொட்டலம்!

கேள்வி: பைபிளைத் தினமும் வாசித்தால் ஆங்கிலம் சரளமாகப் பேச வருமா?
– ஒரு வாசகர், ஆட்டையாம்பட்டி

பதில்: எந்தப் பைபிள் என்று முதலில் சொல்லுங்கள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் என்றால் கொஞ்சம் உஷார். அழகில் அதற்கு ஈடு குறைவுதான். ஆனால் அதை நம்பிப் பேங்க் மேனேஜரை 'தௌ' என்று அழைத்தால், அது அந்தக் காலத்து 'நீ'. விஷயம் தெரிந்த மேனேஜர் என்றால் லோன் போச்சு! அதில் 'சஃபர்' என்ற சொல் பல இடங்களில் 'அனுமதி' என்ற பொருளில் வரும். இன்று அதற்குத் துன்பப்படுவது என்று அர்த்தம். 'மீட்' என்றால் அங்கே பொதுவாகச் சாப்பாடு. ஆதியாகமத்தில் செடிகொடிகள்கூட 'மீட்'தான். அதை நம்பி வெளியூர் ஹோட்டலில் ஆர்டர் கொடுத்தால் சைவக்காரர் பாடு திண்டாட்டம்.

தேவாரத்தில் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்காரர் உங்கள் ஊர்க் கடையில் வந்து நின்று, "கைமுறுக்கு ஒரு பொட்டலம் ஈவாயாக" என்றால் எப்படி இருக்கும்? முறுக்கு கிடைக்கும், கூடவே கூட்டமும் கூடும்.

1976-இல் முழுமையாக வந்த 'குட் நியூஸ் பைபிள்' எளிய நடை, தைரியமாக வாசிக்கலாம். மகாபாரதம் பிடிக்குமா? 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜியின் ஆங்கில மகாபாரதம் 1951-இல் வந்தது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். உங்கள் ஊர் முறுக்கு மாதிரி சுற்றாது.