தாத்தா தொடாத ஒயின்

திராட்சைத் தோட்டம் வாங்கிய தாத்தாவின் பெயரை ஒயினுக்கு வைப்பது சுலபம், தாத்தா குடிக்கிறவராக இருந்தால். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் மெக்லாரன் வேல் பகுதியில் ஆஸ்போர்ன் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதலில் தோட்டம் வாங்கிய ஜோசப் ஆஸ்போர்ன் மதுவைத் தொடாதவர்.

அதற்காக ஒயின் வாசனையே அறியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். தாமஸ் ஹார்டி அண்ட் சன்ஸ் என்ற ஒயின் நிறுவனத்தில் அவர் இயக்குநர்! நம் வீடுகளில் படையல் போட்டால் தாத்தாவுக்குப் பிடித்ததைத் தேடித் தேடி இலையில் வைப்பார்கள். பிடிக்காததை வைத்தால் பாட்டி சும்மா விடமாட்டாள். ஆஸ்போர்ன் வீட்டார் சாமர்த்தியசாலிகள். தாத்தாவை விட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்தார்கள்.

ஜோசப்பின் பித்து பந்தயக் குதிரைகள். 1912இல் பரிசுகள் குவித்த தன் லாயத்தை விற்று, 25 ஹெக்டேர் மில்டன் தோட்டத்தை வாங்கினார். அந்த லாயத்தில் பேர்போன குதிரை ஃபுட்போல்ட். இன்று 'தி ஃபுட்போல்ட்' என்பது அந்தக் குடும்பத்தின் ஷிராஸ் ரெட் ஒயின். குதிரையும் குடித்திருக்காதுதான். ஆனால் ஆட்சேபிக்கவும் செய்யாது.

ஜோசப்பின் மகன் ஃபிராங்க் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கொடி நறுக்க வந்தவர். எந்த ஊர் அப்பாவும் வெளியே சொல்லிக்கொள்ளத் தயங்கும் சங்கதி. 1928 வரை பழத்தை மற்ற ஒயின்காரர்களுக்கு விற்றுவந்தார்கள்; பிறகுதான் சொந்தமாக ஒயின் செய்யத் தொடங்கினார்கள்.

ஃபிராங்கின் மனைவி ஹெலனா, பிறந்த வீட்டுப் பெயர் டாரன்பெர்க். மகன் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்துபோனார். அந்த மகன் டாரி ஆஸ்போர்ன், 1959இல் தனக்கென்று லேபிள் போட்டபோது அம்மாவின் பெயரைத்தான் வைத்தார். லேபிளின் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டை மட்டும் தன் பள்ளிக்கூடத்து டையிலிருந்து எடுத்தது. அவருடைய ஷிராஸ்-கிரெனாஷ் திராட்சைக் கலவைக்கு முதலில் பர்கண்டி என்று பிரான்ஸ் நாட்டுப் பெயர்; இப்போது அது 'டாரிஸ் ஒரிஜினல்'. மூதாதையாகும் வரை காத்திருக்காமல் உயிரோடிருக்கும்போதே பெயர் பெற்ற பாக்கியசாலி.

சொந்தபந்தம் தீர்ந்ததும் நோயிடம் போனார்கள். 'தி டெட் ஆர்ம்' என்ற ஷிராஸ், கொடியின் ஒரு கிளையை மெல்லச் சாகடிக்கும் பூஞ்சைநோயின் பெயரைத் தாங்கியது. மிஞ்சிய கிளையில் காய்ப்பது கொஞ்சம், ருசி அதிகம் என்பது அவர்கள் வாதம்.

பெயர் வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதற்கு அதே மாநிலத்தில் இன்னொரு சாட்சி உண்டு. கெய்ன்டன் என்ற ஊரில் ஹென்றி எவன்ஸ் 1853இல் ஏழு ஏக்கரில் திராட்சை நட்டார். 1868இல் அவர் இறந்ததும் மனைவி சாரா, தீவிர மதுவிலக்குக்காரர், ஒயின் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறியச் செய்தார். அங்கேயே ஒயின் செய்யும் ஹென்ஷ்கி குடும்பம் பிற்பாடு தங்கள் ரெட் ஒயின் ஒன்றுக்கு 'ஹென்றிஸ் செவன்' என்று பெயரிட்டது. அந்த அம்மாள் ஒழித்துக்கட்டிய ஏக்கர் கணக்கு, லேபிளிலேயே அச்சாகி வருகிறது.