துணை மந்திரி முதலாளியான கதை

கேள்வி: முதலாளித்துவத்தை வேரறுக்கவென்றே தோன்றிய சோவியத் சர்க்காரில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர்கள், பிற்பாடு கோடீஸ்வரர்களானது எப்படி?

பதில்: உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்திராமலே அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வித்தையால்தான்! வாகித் அலெக்பெரோவ் என்பவரைப் பாருங்கள். 1950-ல் பாக்கூ நகரில் எண்ணெய்த் தொழிலாளி ஒருவரின் புதல்வராகப் பிறந்து, காஸ்பியன் கடலில் எண்ணெய் எடுக்கும் வேலையில் பழகி, பிறகு மேற்குச் சைபீரியாவின் சதுப்பு நிலங்களுக்குச் சென்று படிப்படியாக உயர்ந்து, 1990-ல் சோவியத் எண்ணெய், எரிவாயு இலாகாவின் துணை மந்திரியாகவும் ஆகிவிட்ட அம்மனிதர், மாளிகையின் உத்தரம் முறியும் ஓசையை மற்றவர்களுக்கு முன்பே கேட்டுவிட்டார் போலும். 1991 நவம்பரில், அதாவது சோவியத் யூனியன் அஸ்தமிப்பதற்கு ஒரு மாதம் முன்னதாக, லாங்கெபாஸ், உராய், கொகலிம் என்னும் மூன்று எண்ணெய் நகரங்களின் முதலெழுத்துக்களைக் கோத்து, எண்ணெய்க்குரிய ஆங்கிலப் பதத்தையும் வாலாக ஒட்டி, 'லுக்காயில்' என்ற ஸ்தாபனம் சர்க்கார் உத்தரவின் பேரிலேயே ஜனனமாயிற்று. (ருஷ்ய பாஷையில் 'லுக்' என்றால் வெங்காயம். உரித்தால் கண்ணீர் வருவது உலக வழக்கம்; இதை உரித்தவருக்கு வந்தது டாலர்.)

பின்னர் அது பங்குக் கம்பெனியாயிற்று, தலைவர் அவரே. 2000-ல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்க்குகளைக் கொண்ட ஒரு கம்பெனியையும் வாங்கிப்போட்டார்கள். 2003-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பங்க் திறப்பு விழாவுக்கு ஜனாதிபதி புடினே வந்திருந்தார். நமது துணை மந்திரி தலைமை நாற்காலியை விட்டு எழுந்தது 2022 ஏப்ரலில்.