உதவித்தொகை வாங்குவது எப்படி? சூலூர்ப் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு உதவித்தொகையைப் பற்றி விசாரிக்கிறீர்களா? ரொம்பத் தாமதமுங்க. அஞ்சாம் வகுப்பு முடிக்கும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் நம்ம கோவையிலேயே முதல்வர் தொடங்கிவைத்த தமிழ்ப் புதல்வன் ஆகிய இரண்டு அரசுத் திட்டங்களும் மாதம் 1000 ரூபாய் தரும். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா, அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியா என்று முதலில் கேட்கும். சொந்தக்காரர் வாய்க்குப் பயந்து நடுவில் இரண்டு வருஷம் மஞ்சள் வேனில் ஏறியவர்கள் இறங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, குடும்பத்தைப் பார்த்துப் பிறப்பது. கவுன்சலிங் வழியே பொறியியல் சேரும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு, வருமான வரம்புகூடக் கிடையாது. வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அஞ்சல் வழியில் பி.காம். முடித்துவிட்டுத் தறி ஓட்டும் அண்ணன் இருந்தால் வருத்தங்கள். அந்தப் பட்டம் அவருக்கும் உதவவில்லை, உங்களுக்கும் ஆகவில்லை.

இனி வருமானச் சான்று. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. உதவித்தொகைக்கு வீட்டு வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய் கட்டினால், விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஏறி தாசில்தாரிடம் போய்ச் சேரும். அப்பாவையும் கூட்டிப் போங்கள். தறியை நிறுத்திவிட்டு வருவதால் அன்றைய வருமானம் குறைந்தது உறுதி.

“தறி எத்தனை?”

“நாலுங்க சார்.”

“அப்ப ஓனருங்களா?”

பாவு நூல் அவருடையதில்லை, நெய்த துணியும் அவருடையதில்லை, தறி வாங்கிய கடன் மட்டுமே அவருடையது என்பதை எழுத விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. 2025-இல் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதம்போல் தறிகள் நின்றனவே, அதற்கும் கட்டம் கிடையாது. வாரக் கூலிக்காரரிடம் மாத வருமானம் கேட்பார்கள். வாயில் வந்ததைச் சொல்லாமல், வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

சாதிச் சான்று ஆயுளுக்கும் செல்லும். வறுமைக்கு ஓராண்டுதான் கெடு, அடுத்த வருஷம் மறுபடி நிரூபிக்க வேண்டும்.

கடைசியாக, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. பணம் வரவில்லை என்று கல்லூரி ஆபீசில் சண்டை போடாதீர்கள். பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்கில் ஏறியிருக்கும். காலையிலேயே பேங்குக்குப் போங்க, மத்தியானத்துக்கு மேல் சர்வர் படுத்துக்கொள்ளும்.