கடைமடைக்கு ஏற்ற கேமரா

பட்டுக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் இரண்டு கவலைதான். ஆனி, ஆடியில் தண்ணீர் வரவில்லையே என்பது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வந்த தண்ணீர் வடியவில்லையே என்பது மற்றொன்று. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 அன்று மதகைத் திறந்து பூத்தூவுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, கல்லணைக் கால்வாயில் திரும்பி, ஒரத்தநாட்டைத் தாண்டி எங்கள் வாய்க்காலைத் தொடுவதற்குள் தூவிய பூ சருகாகி, மக்கி, உரமாகியிருக்கும். வானத்துத் தண்ணீருக்கு இந்தத் தாமதமெல்லாம் கிடையாது. ராத்திரி படுக்கும்போது வயலில் நாற்று நிற்கும். விடிந்து பார்த்தால் ஏரி நிற்கும்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கேமரா ஆசை வந்தது. காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து எங்கள் தோப்பைப் படுக்கப்போட்டுவிட்டுப் போனது. விழுந்த தென்னைகளுக்கு எங்கள் வீட்டில் கட்டுக்கட்டாகப் படம் இருக்கிறது. வந்தவர் போனவரெல்லாம் எடுத்தார்கள். அதே தென்னைகள் நின்ற காலத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நிற்கிற மரத்தை யார் படம் எடுப்பார்கள்? இனிமேல் எதையும் நிற்கும்போதே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

எந்தக் கேமரா என்பதுதான் சிக்கல். மிர்ரர்லெஸ்ஸா, தண்ணீர் புகாத சின்னக் கேமராவா? பட்டுக்கோட்டையில் ஒருவன் தனியாக முடிவெடுக்கும் வழக்கமில்லை. டீக்கடைக்குப் போனேன்.

“தண்ணியே வராத ஊருக்குத் தண்ணி புகாத கேமரா எதுக்குண்ணே?” என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது.

“வந்துச்சுன்னா?” என்றேன்.

“வந்துச்சுன்னா கேமராவையா பார்த்துக்கிட்டு நிப்பீங்க? மண்வெட்டிய எடுத்துக்கிட்டு மடையை வெட்ட ஓட மாட்டீங்க?”

மூலை பெஞ்சில் இருந்த வரலாற்று வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார். ஓய்வு பெற்றவர், பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் தவிப்பவர். “1858-லயே தஞ்சாவூர்ப் பெரியகோயிலை லின்னேயஸ் டிரைப்புன்னு ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்தார். அடித்தளத்துல இருக்கிற கல்வெட்டை மட்டும் வரிசையா எடுத்து, இருபத்தோரு படத்தை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். சின்னக் கேமரா, பெரிய கேமரான்னு அவர் உங்களை மாதிரி டீக்கடையில உட்கார்ந்தா யோசிச்சார்?”

“மழை வந்தா என்ன சார் செஞ்சார்?” என்று டீ மாஸ்டர் கேட்டார். வாத்தியார் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

“போன்தான் இருக்கே” என்று சொல்பவர்கள் தனிக் கட்சி. எண்ணிக்கையில் அவர்கள்தான் ஆளுங்கட்சி. போன் நல்லதுதான், தண்ணீர் தாங்கும் என்று பெட்டியிலும் போட்டிருப்பான். அதற்கான சோதனையை நல்ல தண்ணீரில் நடத்துகிறார்கள் என்பதையும், தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலும் வாரண்டி கிடையாது என்பதையும் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பான். என் பழைய போன் நடவு வயலில் விழுந்தபோது அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அது அத்தனை சுலபமாக முடிகிற காரியமா? பொன்னியில் வைப்பதா, சீரகச் சம்பாவில் வைப்பதா, புழுங்கலா, பச்சையா என்று வீட்டில் விவாதம் நடந்தது. பழைய அரிசிதான் ஈரம் இழுக்கும் என்று என் மாமியார் தீர்ப்புச் சொல்வதற்குள் போனின் உயிர் போயிருந்தது. அதன் காதில் பாதி தவிடு அடைத்திருந்தது.

மச்சினன் சிங்கப்பூரில் இருக்கிறான். கேமரா என்ற சொல் அவன் காதில் விழுந்ததுமே வீடியோ காலில் வந்துவிட்டான். “அத்தான், கண்ணை மூடிக்கிட்டு மிர்ரர்லெஸ் வாங்குங்க. லென்ஸைக் கழட்டி மாட்டலாம். 2008-ல பானசோனிக் ஜி-1 வந்தப்பவே பழைய பெட்டிக் கேமராவுக்கு நாள் குறிச்சாச்சு. உள்ள கண்ணாடி கிடையாது, மடங்காது, சத்தம் வராது. லென்ஸ் பார்க்கிறதை அப்படியே திரையில காட்டும்.” பிறகு சென்சார் என்று ஆரம்பித்து மில்லிமீட்டரில் பேசினான். எனக்கு மாவிலும் வேலியிலும் சொன்னால்தான் ஏறும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் புகாத கேமராக்களில் வழக்கமாக இருக்கும் சென்சார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். அதை ஒரு மா நிலம் என்று வைத்துக்கொண்டால், சாதாரண மிர்ரர்லெஸ்ஸில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் பதின்மூன்று மா. முழு ஃபிரேம் என்கிறார்களே, அது சுமார் முப்பது மா, அதாவது ஒன்றரை வேலி. விளைவது வெளிச்சம் என்றால் ஒரு மாக்காரன் ஒன்றரை வேலிக்காரனோடு போட்டி போட முடியுமா? சாயங்காலம் ஆறரைக்கு மேல் சின்னக் கேமராவில் எடுத்த படத்தில் முகமெல்லாம் அரிசி மாவு தூவியது போலிருப்பதற்குக் காரணம் இதுதான்.

மச்சினனிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. வடுவூர் ஏரிக்குப் போனால் நத்தைகுத்தி நாரை கரையோரமாக வந்து நமக்காக நின்று போஸ் கொடுக்காது. அதைப் பிடிக்க 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும். சின்னக் கேமராவின் ஜூம் அதில் கால்பங்கு. அதில் எடுத்தால் ஏரி வரும், வானம் வரும், நடுவில் ஒரு புள்ளி வரும். அந்தப் புள்ளிதான் நாரை என்று பார்ப்பவரிடம் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் உடலும் நீள லென்ஸும் சேர்ந்தால் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. இதை மச்சினன் மெதுவாகச் சொன்னான்.

அவன் சொல்வதை ஊர் மறுக்காது. எங்கோ யாரோ ஜெயித்ததைக் கொண்டாடிப் பழகிய பகுதி எங்களுடையது. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக நிற்கும் மனோராவை, நெப்போலியனை இங்கிலாந்துக்காரன் தோற்கடித்த சந்தோஷத்தில் 1814-இல் இரண்டாம் சரபோஜி எட்டு நிலையில் கட்டினார். சிங்கப்பூரில் மச்சினன் வாங்கிய கேமராவை நான் இங்கே கொண்டாட வேண்டும் என்று அவன் எதிர்பார்ப்பதில் தப்பில்லை. அதே மனோராவில் காற்றடிக்கும்போது லென்ஸைக் கழட்டி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பும் மணலும் சென்சாரில் போய்க் குடியேறிவிடும். பிறகு எடுக்கும் எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது நாரையும் அல்ல.

சரி, பேச்சு போதும், களத்தில் பார்த்துவிடுவோம் என்று ஸ்டுடியோ தம்பியை வயலுக்குக் கூப்பிட்டேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பவர். சொந்தமாக மிர்ரர்லெஸ் வைத்திருக்கிறார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி வரப்பில் முழுக்க நனைந்தபடி வந்தார். கையில் குடை. குடைக்குக் கீழே கேமரா.

“தம்பி, குடை உனக்கா, அதுக்கா?”

“எனக்குச் சளி பிடிச்சா ரெண்டு நாள்ல போயிரும்ணே. லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிச்சா போகாது.”

மழை தாங்கும் என்று விற்கிறார்களே என்று கேட்டேன். அவர் விளக்கினார். உடலுக்கு ரப்பர் அடைப்புக் கொடுத்திருந்தால் போதாது. மாட்டுகிற லென்ஸுக்கும் அது இருக்க வேண்டும். கூடவே கொடுக்கும் லென்ஸுக்குப் பெரும்பாலும் இருக்காது. இரண்டுக்கும் இருந்தாலும் தூறலைத் தாங்கும், முங்கினால் தாங்காது. கார்த்திகை மாசம் முழுக்கத் தன் கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் சூழ வைத்திருப்பதாகச் சொன்னார். பச்சிளம் குழந்தைக்குக்கூட எங்கள் வீட்டில் இத்தனை பத்தியம் பார்த்ததில்லை.

எதிர்த் தரப்பாக, துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு மாப்பிள்ளையிடம் டஃப் டிஜி-7 இரவல் வாங்கியிருந்தேன். ஒலிம்பஸ் கம்பெனி போட்டுவந்த வரிசை. இந்த மாடல் 2023-இல் ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வந்தது. 15 மீட்டர் ஆழம் தாங்கும். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும். அதாவது வரப்பிலிருந்து தாராளமாக விழலாம், தென்னையிலிருந்து கூடாது. நூறு கிலோ பாரம் தாங்கும். கொள்முதல் நிலையத்து நாற்பது கிலோ சிப்பம் இரண்டை மேலே அடுக்கலாம். மைனஸ் பத்து டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும். அதைச் சோதிக்க மல்லிப்பட்டினத்து ஐஸ் கம்பெனிக்குள் போய் உட்கார்ந்தால்தான் உண்டு. பதினைந்து மீட்டர் ஆழத்துக்கும் அதே கதைதான். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே பத்து மீட்டருக்குள்தான். 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கேமராவோடு முங்கிக் கடற்பசுவைப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. எங்கள் கரையோரக் கலங்கலில் முங்கினால் என் கையே எனக்குத் தெரியாது.

ஆனால் வயலில் நடந்தது வேறு. சம்பாவில் ஒரு பக்கம் பயிர் வட்டமாகக் காய ஆரம்பித்திருந்தது. புகையான் பூச்சியாக இருக்கும் என்று சந்தேகம். அது இலையில் உட்காராது. தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நெல்மணியைவிடச் சின்னது. தம்பி குனிந்து பார்த்தார்; கேமராவை அந்த உயரத்துக்கு இறக்க அவருக்கு மனசு வரவில்லை. அவருடைய லென்ஸும் அத்தனை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாதாம். நான் சின்னக் கேமராவை இடது கையில் பிடித்து, வலது கையால் பயிரை விலக்கி, கேமராவின் பாதி சேற்றுத் தண்ணீருக்குள் இருக்கும்படி தூருக்குள் நுழைத்தேன். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரம் வரை ஃபோகஸ் ஆகும் வசதி அதில் உண்டு. திரையில் பழுப்பு நிறத்தில் பூச்சிகள் வரிசையாகத் தெரிந்தன. இறக்கையும் காலும் தனித்தனியாக எண்ணலாம். வேளாண்மை அலுவலரிடம் காட்டினேன். “புகையான்தான், தண்ணிய வடிச்சுட்டு, தூர்ல படுற மாதிரி மருந்தடிங்க” என்றார். வாயால் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் கேள்வி கேட்டிருப்பார். சேறு அப்பிய கேமராவை வாய்க்காலிலேயே கழுவினேன். தம்பி அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கும் பத்தியம் இல்லாமல் இல்லை. பேட்டரி மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் ஓடுகிறது. அதில் ஒரு முடியோ, ஒரு உமித் துணுக்கோ கிடந்தால் போதும், பதினைந்து மீட்டர் பெருமையெல்லாம் பதினைந்து அங்குலத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பார்த்து மூட வேண்டும். கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வளையத்தை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஆதாரங்களோடு வீட்டுக்குப் போனேன். கடைசி நீதிமன்றம் அங்கேதான்.

“பணத்துக்கு என்னங்க வழி?” என்றாள் வீட்டுக்காரி.

“ஆடியில நம்ம மொய் விருந்து வருதுல்ல…”

அவள் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிட்டால் லட்சக்கணக்கில் மொய் விழும், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை வருமானம் என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தனையும் நோட்டில் எழுதிய கடன். அவரவர் வீட்டு விருந்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட வைத்து. அந்தப் பணத்தில் கேமரா வாங்கினால், வாங்கிய கேமராவில் மொய் வைக்க முடியாமல் முழிக்கும் என் முகத்தைத்தான் எடுக்க முடியும்.

தேங்காய்ப் பணத்தில்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு அவள் ஒரே கேள்வி கேட்டாள். “ரெண்டுல எதை நீங்க பீரோவுல வச்சுப் பூட்டாம இருப்பீங்க?”

மச்சினனும் வாத்தியாரும் ஸ்டுடியோ தம்பியும் கேட்காத கேள்வி. எங்கள் வீட்டு பீரோவின் சுபாவம் அவளுக்குத் தெரியும். கல்யாணப் பட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு, சிங்கப்பூர் டார்ச் லைட் என்று விலை கூடிய எதுவும் அதற்குள் போனால் திரும்பி வந்ததில்லை. லட்ச ரூபாய் மிர்ரர்லெஸ்ஸும் அந்துருண்டை வாசனையோடு அங்கே போய்ச் சேரும். மழை வந்தால் எடுக்க மாட்டேன், வெயில் அடித்தால் தூசு என்பேன், பேரன் கேட்டால் அடிக்கப் போவேன். சின்னக் கேமரா சட்டைப் பையில் கிடக்கும்; பேரன் தொட்டித் தண்ணீரில் போட்டாலும் சிரித்துக்கொண்டே எடுத்துத் துடைக்கலாம்.

தண்ணீர் புகாததையே வாங்கினேன். பேத்தியின் காதுகுத்துக்கு ஸ்டுடியோ தம்பியைக் கூப்பிட்டு, கூலி பேசி, மிர்ரர்லெஸ்ஸிலேயே எடுத்தோம். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் குழந்தையின் கன்னத்தில் உருண்ட கண்ணீர்கூடத் தெளிவாக விழுந்தது. என் கேமராவால் அது ஆகியிருக்காது.

ஆகவே, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. பறவை, கல்யாணம், ராத்திரித் தேர் என்று அலைகிறவர்கள் யோசிக்காமல் மிர்ரர்லெஸ் வாங்குங்கள். கூடவே காற்றுப் புகாத டப்பா ஒன்றும் வாங்குங்கள். வயல், வாய்க்கால், படகு, பேரப்பிள்ளை என்று இருப்பவர்களுக்குத் தண்ணீர் புகாத சின்னக் கேமராவே போதும். மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் மறக்காமல் துடையுங்கள். இரண்டும் வேண்டும், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சின்னதை வாங்கிக்கொண்டு, பெரியது வைத்திருப்பவரோடு சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய்யைக் குறைக்காமல் வைத்தால் போதும்.