மாரியூர்ப் பற்றுநோட்டும் சிறுசெயலிகளின் ஞாபகமும்: ஓர் ஆராய்ச்சி

உடம்பு போன பின் எது எஞ்சும் என்னும் வினாவுக்கு நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் அளவிறந்த விடைகளைச் சொல்லியிருக்க, மின்சாரம் போன பின் ஒரு சிறிய சர்வர்ச் செயலியில் எது எஞ்சும் என்பதை நம் பண்டிதர்கள் தொடாமலே விட்டுவிட்டமையால், அக்குறையை நீக்கும் பொருட்டு இவ்வாராய்ச்சி எழுகின்றது.

விஷயம் விளங்குதற்கு இடம் ஒன்று வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், பூவேந்தியநாதர் எழுந்தருளியிருக்கும் மாரியூரிலே, 1974இல் தோன்றிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்களுக்குச் செல்லும் பாதையோரம் ஒரு டீக்கடை உண்டு எனக் கொள்க. விடியுமுன் பாத்தியில் இறங்கும் தொழிலாளர், “நோட்டுல எழுதிக்கங்க அண்ணாச்சி” என்று சொல்லிப் போவதும், சனிக்கிழமைக் கூலியில் கணக்குத் தீர்ப்பதும் அங்கே ஆசாரம். அண்ணாச்சியின் பட்டதாரி மகன் இப்பற்றுவரவைச் செயலியாக்கத் துணிந்து, மாத வாடகைக்கு ஒரு சர்வரும் பிடித்துவிட்டான் என்க. பாக்கிகளை எங்கே வைப்பது?

இங்கே முதற்கண் எழும் பூர்வபக்ஷம், எல்லாம் கணத்தில் அழிவதே என்னும் க்ஷணிகவாதம். யாவற்றையும் நிரலின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் போதும் என்பர் இவர். செயலி ஒருமுறை நின்று எழுந்தால் ஊரின் கடன் முழுதும் தீர்ந்துவிடுமாதலின், தொழிலாளர் தரப்பில் இம்மதத்துக்கு ஆதரவு மிகுதி. இவருள் திருந்தியோர், 2009இல் சிசிலித் தீவினரான சால்வதோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் என்னும் தரவுத்தளத்தைக் காட்டுவர். அது நினைவகத்தில் வாழினும், ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் தொடர்ந்து பதியவும், விநாடிக்கு ஒருமுறை அதை உறுதிசெய்யவும் பணித்துவிட்டால், இழப்பு ஏறத்தாழ ஒரு விநாடிக் கணக்கோடு நிற்கும். ஒரு விநாடியில் எந்த மாஸ்டரும் ஒரு டீயை ஆற்றி முடித்ததில்லை. ஆகவே அது தோஷமன்று. ஒரே கடைக்கென்று வேறொரு சர்வர் நிரலை ஓயாமல் ஓட்டிப் பராமரிப்பதுதான் தோஷம்.

அடுத்தது, பாக்கிகளையெல்லாம் ஜேசன் (JSON) வடிவில் ஒரே உரைக்கோப்பில் வைக்கும் பக்ஷம். ஒரு வடைக்காக முழுக் கோப்பையும் திரும்ப எழுதும் இம்முறையில், எழுதும் நடுவே மின்சாரம் போயின் பாதிக் கோப்பே மிஞ்சும். தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, பின்னர்ப் பெயர் மாற்றுவது பரிகாரம். பரிகாரத்தைச் செவ்வனே செய்பவர் அரியர்.

சித்தாந்தம் எஸ்க்யூலைட் (SQLite) என்னும் தரவுத்தளம். அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் ஹிப், தரவுத்தள சர்வர் எட்டாதபோதெல்லாம் தம் நிரலும் முடங்கிப் பழி தம் தலையில் விழுவது கண்டு, சர்வரே வேண்டாத தரவுத்தளமாக 2000இல் இதனைச் செய்தார். செயலிக்குள்ளேயே ஒரு நூலகமாய் அமர்ந்து, அனைத்தையும் ஒரே கோப்பில் வைப்பது இது. எழுதும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவர்க்கே என்பது இதன்மேல் சாட்டப்படும் பெருங்குற்றம். அண்ணாச்சியின் நோட்டிலும் சணல் கயிற்றில் கட்டிய பேனா ஒன்றுதான் தொங்குகிறது. அதனால் எவரும் டீ குடிக்காமல் போனதில்லை. மாற்றங்களை முதலில் தனியொரு பதிவுக் கோப்பில் எழுதும், 2010இல் வந்த வால் (WAL) முறையை இயக்கினால், ஒருவர் எழுதுகையிலேயே ஏனையோர் படிக்கலாம். ஆயினும், பேனாவுக்குக் காத்திருக்கும் கால அளவு இயல்பில் பூஜ்யம் என்பதை மறந்து, ‘பூட்டப்பட்டுள்ளது’ என்ற பிழைச்செய்தி கண்ட மாத்திரத்தில் வேறு தரவுத்தளத்துக்கு ஓடுவோரை என்னென்பது! ஐந்து விநாடி காத்திரு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

சாயல்குடியில் கிளை திறந்து, அதற்கென இரண்டாம் சர்வரும் வைத்து, இரண்டும் ஒரே கோப்பில் எழுத வேண்டுமெனின், நெட்வொர்க் வழியே அதனைப் பகிர்தல் ஆகாது. வால் முறை அங்கே செல்லாது. அன்று போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள சர்வரை அழைக்கலாம். கிளை திறக்குமுன்னரே அழைப்பது வீண் ஆடம்பரம் என்பது என் துணிபு.

இனி, செயலியைப் பொதிந்து ஓட்டும் கன்டெய்னருக்குள்ளேயே கோப்பை வைத்து, புதுப்பதிப்பு ஏற்றுந்தோறும் பாக்கிகளை இழப்போர், தம்மை அறியாமலே க்ஷணிகவாதத்துக்குத் திரும்பியவராவர். பிரதி எடுப்பதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு: வால் முறையில் அண்மைப் பதிவுகள் பக்கத்துக் கோப்பொன்றில் தங்கியிருக்கக் கூடுமாதலின், ஓடும் செயலியின் மூலக்கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகக் குடித்த டீக்கள் விட்டுப்போகும். அதற்கென அமைந்த நகல் கட்டளையையே ஆள்க; விட்டுப்போன டீயைச் சனிக்கிழமையன்று நினைவூட்டும் தொழிலாளர் மாரியூரில் இல்லை.